விமான இன்ஜினை காரில் மாட்டிய கோடீஸ்வரர்... யார் இந்த லூயிஸ் ஸ்போரோவ்ஸ்கி?

பழைய கேம்பர் வேனின் இன்ஜினைக் கழற்றிவிட்டு பவர் அதிகமான இன்ஜினை ஏற்றும் வீடியோக்கள் உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். 1950-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு இருந்தது வெறும் 25 குதிரைத்திறன். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அதனால்தான் பலர் அதில் சுபாரு இன்ஜினை மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஆசையை அதன் எல்லை வரை கொண்டுபோன ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்கிலாந்தில் இருந்தார்.

லூயிஸ் ஸ்போரோவ்ஸ்கி, 1895-ல் பிறந்தவர். அம்மா அமெரிக்காவின் பணக்கார ஆஸ்டர் குடும்பம். அப்பாவும் கார் பந்தயக்காரர்தான். 1903-ல் பிரான்ஸின் நீஸ் நகருக்குப் பக்கத்தில் மலையேற்றப் பந்தயத்தில் இறந்துபோனார். சட்டையின் கஃப்லிங்க் த்ராட்டிலில் மாட்டியதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. அப்போது லூயிஸுக்கு எட்டு வயது. 1911-ல் அம்மாவும் போய்விட, 16 வயதில் பெரிய சொத்து கைக்கு வந்தது. அந்தப் பணம் நேராக கார் ஷெட்டுக்குத்தான் போனது.

முதல் உலகப்போர் முடிந்த சமயம். விமானங்களுக்கும் ஜெப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கும் செய்த ஜெர்மன் மேபேக் இன்ஜின் ஒன்று அவருக்குக் கிடைத்தது. 6 சிலிண்டர், 23 லிட்டர், சுமார் 300 குதிரைத்திறன். நம்ம ஹேட்ச்பேக் கார்களில் இருப்பது 1.2 லிட்டர், ஒப்பிட்டுப் பாருங்க! இதை ஏற்றியது போருக்கு முந்தைய ஒரு மெர்சிடிஸ் சேஸிஸில்.

இங்கேதான் விஷயமே இருக்கு. இன்ஜினைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்துவிடாது. அவரும் இன்ஜினீயர் கிளைவ் கேலப்பும் சேஸிஸை நீட்ட வேண்டியிருந்தது. விமான இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 1,500 சுற்றுதான் சுற்றும், ஆனால் இழுவை பயங்கரம். அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோனது சைக்கிளில் இருப்பது போன்ற செயின். இத்தனை எடையும் பவரும் ஏறியாச்சு, நிறுத்துவது எப்படி? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது.

இந்தக் காருக்கு அவர் வைத்த பெயர் சிட்டி பேங் பேங். (எந்திரன் சிட்டி இல்லைங்க, இது வேற.) 1921-ல் ப்ரூக்லேண்ட்ஸ் களத்தில் முதல் நாளே இரண்டு பந்தயங்களில் ஜெயித்தது; வேகம் மணிக்கு 162 கி.மீ. அடுத்த வருஷம் அதே களத்தில் கட்டுப்பாடு இழந்து மோதியதில், நேரம் குறிக்கும் அதிகாரி ஒருவரின் விரல்கள் போயின. லூயிஸ் தப்பித்தார், நிறுத்தவும் இல்லை. பென்ஸ் விமான இன்ஜினோடு செய்த இரண்டாவது சிட்டியை, மனைவி, நண்பர்களோடு சஹாரா பாலைவனம் வரை ரோட் ட்ரிப் ஓட்டிக்கொண்டு போனார். மூன்றாவதும் வந்தது. அதற்கடுத்து ஹைம் ஸ்பெஷல், 27 லிட்டர் லிபர்ட்டி விமான இன்ஜினோடு.

அதை முழுசாகத் தயார் செய்ய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1924 அக்டோபர் 19, இத்தாலியின் மோன்ஸா. கிராண்ட் பிரீ பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தபோது வயது 29. அன்று அவர் ஓட்டியது சொந்தத் தயாரிப்பு அல்ல, மெர்சிடிஸ் கம்பெனியே செய்த 2 லிட்டர் ரேஸ் கார்.

ப்ரூக்லேண்ட்ஸில் சிட்டியைப் பார்த்த சிறுவர்களில் ஒருவர் இயன் ஃபிளெமிங். ஜேம்ஸ் பாண்டை உருவாக்கியவர், 1964-ல் பறக்கும் கார் கதைக்கு இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். 1968-ல் அது சினிமாவும் ஆச்சு.

ஹைம் ஸ்பெஷல் காரை 125 பவுண்டுக்கு வாங்கினார் பாரி தாமஸ். பேப்ஸ் என்று பெயர் மாற்றி, 1926-ல் வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 270 கி.மீ. தாண்டி உலக சாதனை செய்தார். அடுத்த வருஷம் மார்ச்சில், அதே மணலில், அதே காரில் உயிரிழந்தார். செயின் அறுந்துதான் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். பின்னாளில் அதில் சந்தேகம் வந்தது. காரை அங்கேயே மணலில் புதைத்தார்கள். 1969-ல் தோண்டியெடுத்து, மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.