எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைத்த வைத்தியர்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் முகத்தில் பூசும் கிரீமில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன! இந்த வித்தையை முதலில் செய்தவர் என்று வைத்திய உலகம் சொல்வது கேலன் என்ற கிரேக்கரை. நம் நாட்டு யுனானி ஹக்கீம்களுக்கு அவர் ஜாலினூஸ்.

இன்று துருக்கியில் உள்ள பெர்கமம் நகரில், கி.பி. 129-ல் கேலன் பிறந்தார். தந்தை நிக்கோன் கட்டடக் கலைஞர். அவர் கனவில் வைத்தியக் கடவுள் தோன்றியதாம். உடனே, 16 வயது மகனை வைத்தியம் படிக்க விட்டார். தந்தை இறந்த பிறகு கேலன் எகிப்தில் உள்ள அலெக்சாந்திரியா வரை சென்று படித்தார்.

28 வயதில் ஊர் திரும்பினார். கிடைத்த வேலை என்ன தெரியுமா? வாட்போர் வீரர்களுக்கு வைத்தியம்! ஜனங்கள் வேடிக்கை பார்க்க, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் வீரர்கள் அவர்கள். பெரும்பாலோர் அடிமைகள். அவர்களுடைய வெட்டுக் காயங்களே கேலனுக்குப் பள்ளிக்கூடம்.

162-ல் ரோமாபுரிக்குப் போனார். மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்திக்கே வைத்தியரானார். கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் நீளம். மற்ற வைத்தியர்களை மட்டம் தட்டிப் பகையைத் தேடிக்கொண்டார்.

கிரீமை எப்படிச் செய்தார்? தேன் மெழுகை, ரோஜா மணமேற்றிய எண்ணெயில் உருக்கினார். ஆறவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழைத்தார். வெள்ளைப் பசை கிடைத்தது. தோலில் தடவினால் அதிலுள்ள நீர் பிரிந்து ஆவியாகும். குளுகுளு என்று இருக்கும். கோல்டு கிரீம் என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

192-ல் ரோமாபுரியில் பெருந்தீ. கேலனின் ஏடுகளும் மருந்துச் சரக்கும் சாம்பலாயின. அப்போது வயது 60-க்கு மேல். வேறொருவர் என்றால் ஓய்ந்திருப்பார். அவரோ மருந்து செய்முறை நூலில் எரிந்துபோன பகுதியை மறுபடி உட்கார்ந்து எழுதினார்! 216 வாக்கில் காலமானார்.

அவருடைய கிரீமில் ஒரு குறை உண்டு. நாள் ஆக ஆக, நீர் கசிந்து பிரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வலுவான ஆள் இல்லை. புதன்சந்தையில் மாட்டுத் தரகரைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் விற்பவர் கையையும் பிடிப்பார், வாங்குபவர் கையையும் பிடிப்பார். அதுபோல ஒரு பக்கம் எண்ணெயையும் மறு பக்கம் நீரையும் பற்றிக்கொள்ளும் பொருளுக்குப் பால்மமாக்கி என்று பெயர். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகும் முட்டைகளின் மஞ்சள் கருவில்கூட அது இருக்கிறது. லெசித்தின் என்பார்கள்.

கேலனின் கிரீமுக்குத் தரகராக வந்தது வெண்காரம். 19-ம் நூற்றாண்டில் அதைச் சேர்த்தார்கள். மெழுகில் உள்ள அமிலத்தோடு கூடி அது சோப்பாக மாறியது. அந்தச் சோப்பு எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொண்டது. கேலன் இறந்து 1,600 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் குழைத்த கிரீம் டப்பாவில் மாதக்கணக்கில் நின்றது!