மழையைக் கணக்கிட முயன்ற கில்பர்ட் வாக்கர்

2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஜோகூரில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஜோகூர் ஆற்றுநீரை நம்பியிருக்கும் ஜோகூர், சிங்கப்பூர் இரண்டுக்கும் அது கவலை தந்த செய்தி. அதற்கு முன்பு, 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் தண்ணீர்ப் பங்கீட்டைச் சந்தித்தார்கள். இந்த இரண்டு வறட்சிகளுக்கும் முன்னால் பசிபிக் பெருங்கடலில் வலுவான எல் நினோ உருவாகியிருந்தது.

எங்கோ தொலைவில் உள்ள கடலுக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு விடை தேடிய பாதையில் முதல் பெரிய அடியை எடுத்து வைத்தவர், வானிலையைப் பாடமாகவே படிக்காத ஒரு கணித அறிஞர். அவர் பெயர் சர் கில்பர்ட் வாக்கர்.

பூமராங் எறிந்த கணித மேதை

வாக்கர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்று, 1889இல் இறுதித் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். ஆனால் அதற்குப் பிறகு அவரது உடல்நலம் குன்றியது. குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்து உடலைத் தேற்றிக்கொண்டார்.

சுழலும் பொருள்களின் இயக்கத்தில் அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. பூமராங் ஏன் எறிந்தவரிடமே திரும்பி வருகிறது என்பதைக் கணிதத்தால் விளக்கிக் கட்டுரை எழுதினார். கல்லூரித் திடலில் அதை எறிந்து பார்த்துக்கொண்டே இருந்ததால், நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்று அழைத்தார்கள். கேம்பிரிட்ஜிலேயே அமைதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்க வேண்டிய அவரை இந்தியாவின் பஞ்சம் அழைத்தது.

பொய்த்த மழை, பொய்த்த கணிப்பு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், தக்காணம் ஆகிய பகுதிகளில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் என்பது வரலாற்று மதிப்பீடு. தமிழ்த் தொழிலாளர்களைக் கடல்கடந்து பிழைப்புத் தேட வைத்த காரணங்களில் இத்தகைய பஞ்சங்களும் அடங்கும்.

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயமலையில் பனி அதிகம் இருந்தால் பருவமழை குறையும் என்று கருதி, 1886 முதல் ஆண்டுதோறும் மழைக் கணிப்பை வெளியிட்டார். அவருக்கு அடுத்து வந்த ஜான் எலியட் 1899இல் நல்ல மழை பெய்யும் என்று அறிவித்தார். நடந்ததோ கடும் வறட்சி. மீண்டும் லட்சக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

அனுபவத்தையும் ஊகத்தையும் மட்டும் நம்பினால் போதாது என்பது இதனால் தெளிவானது. எலியட்டுக்கு அடுத்த தலைவராக ஒரு கணித அறிஞரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1904இல் வாக்கர் பொறுப்பேற்றார். அவருக்கு இடப்பட்ட பணி ஒன்றுதான்: அடுத்த பருவமழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எண்களிடம் கேட்ட கேள்வி

காற்றும் கடலும் எப்படி இயங்குகின்றன என்பதற்கு அன்று முழுமையான கோட்பாடு இல்லை. எனவே வாக்கர் எண்களிடமே போனார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டினார். நைல் நதியின் வெள்ள அளவு, மொரிஷியசின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை, சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இரண்டு பட்டியல்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பதைக் காட்டும் அளவுக்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். புள்ளியியல் பாடத்தில் நாம் அதைக் கணினியில் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறோம். கணினி இல்லாத அந்தக் காலத்தில், வாக்கரின் அலுவலகத்தில் இந்திய எழுத்தர்கள் இந்தக் கணக்குகளைக் கையாலேயே போட்டார்கள்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. நூறு பட்டியல்களை மழையோடு ஒப்பிட்டால், ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திவிடும். அதைக் காரணம் என்று நம்பிக் கணிப்பு வெளியிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இதை வாக்கர் நன்கு உணர்ந்திருந்தார். பல ஒப்பீடுகளில் மிகச் சிறப்பாகப் பொருந்துவதை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது, அதை எவ்வளவு கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அவரே ஒரு விதியை வகுத்தார்.

அதே கண்டிப்போடு இன்னொரு கேள்வியையும் அவர் ஆராய்ந்தார். சில ஆண்டுகள் தொடர்ந்து மழை குறைந்ததால், இந்தியாவின் பருவநிலையே நிரந்தரமாக மாறிவிட்டது என்ற பேச்சு அப்போது எழுந்தது. பழைய பதிவுகளைப் பரிசீலித்த வாக்கர், நிலையான மாற்றத்துக்குச் சான்று இல்லை என்று 1910இல் தெரிவித்தார். சில ஆண்டுகளின் ஏற்ற இறக்கம் வேறு, நீண்டகால மாற்றம் வேறு என்பதே அவர் காட்டிய வேறுபாடு. பூமி வெப்பமடைவதை இன்று அறிவியலாளர்கள் உறுதியாகச் சொல்வதற்கும் இதே போன்ற நீண்டகாலப் பதிவுகளே அடிப்படை.

சென்னையில் கண்ட நோட்டுப் புத்தகம்

தமிழர்கள் வாக்கரை நினைவுகூர மற்றொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்குச் சென்றபோது, துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் அலுவலக எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்புகளை அவரிடம் காட்டினார். அந்த எழுத்தர்தான் சீனிவாச ராமானுஜன்.

அது வாக்கரின் சொந்தத் துறை அன்று. ஆயினும் அதில் இருந்த தனித்தன்மையை அவர் கண்டுகொண்டார். இந்த இளைஞர் வயிற்றுப்பாட்டுக் கவலையின்றிக் கணிதத்தில் மட்டும் ஈடுபட உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உடனே கடிதம் எழுதினார். 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்துவந்த ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

கடலின் தராசு

ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, எண்களுக்கு நடுவே ஒரு பெரிய உருவம் தெரியத் தொடங்கியது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் கூடும்போது, இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. ஒரு தராசின் இரு தட்டுகள் போல இவை ஏறி இறங்க, இந்தியாவின் மழையும் ஜாவாவின் மழையும் அவற்றுடன் சேர்ந்து மாறுகின்றன. 1920களில் வெளியிட்ட கட்டுரைகளில் வாக்கர் இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

1924இல் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைப் பேராசிரியராக 1934 வரை பணியாற்றினார். ஆனால் அவர் எந்த வேலைக்காக இந்தியா சென்றாரோ அது முழுமையாக நிறைவேறவில்லை. பருவமழையை நம்பகமாகக் கணிக்கும் சூத்திரம் அவருக்குக் கிட்டவில்லை. சில ஆண்டுகள் நன்றாகப் பொருந்திய தொடர்புகள் பிறகு வலுவிழந்தன. தென் அலைவு ஏன் நிகழ்கிறது என்பதையும் அவரால் விளக்க முடியவில்லை. காரணம் தெரியாத வெறும் எண் விளையாட்டு என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். 1958 நவம்பர் 4ஆம் தேதி, தமது 90ஆவது வயதில், அந்த ஐயம் தீராமலேயே அவர் காலமானார்.

பதினோரு ஆண்டு கழித்து வந்த விடை

1969இல் அமெரிக்காவில் பணியாற்றிய யாக்கோப் பியர்க்னெஸ் அந்தப் புதிரை விடுவித்தார். வழக்கமாகப் பசிபிக்கின் மேற்பரப்பில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெதுவெதுப்பான நீரை நம் பக்கம் தள்ளுகிறது. இங்கே ஈரக்காற்று மேலெழுந்து மழையாகிறது. பிறகு அது உயரத்தில் கிழக்கே சென்று தென் அமெரிக்கா பக்கம் கீழிறங்குகிறது. அந்தக் காற்று தளரும்போது வெந்நீர் கிழக்கே நகர்கிறது, மழை மேகங்களும் அதன் பின்னே போகின்றன. அதுவே எல் நினோ. வாக்கர் கண்ட தராசும் பெரு நாட்டு மீனவர்கள் அறிந்த கடல் வெப்பமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள்.

இந்தக் காற்றுச் சுழற்சிக்குப் பியர்க்னெஸ் வாக்கர் சுழற்சி என்று பெயரிட்டார். இன்று எல் நினோவைப் பல மாதங்களுக்கு முன்பே எதிர்பார்க்க முடிகிறது. நீர்த்தேக்கங்களைத் திட்டமிடுவதும், காட்டுத்தீக்கும் புகைமூட்டத்துக்கும் ஆயத்தமாவதும் அதனால் சாத்தியமாகின்றன.

இருந்தாலும் இயற்கை இன்னும் நம்மைச் சோதிக்கிறது. 1997இல் மிக வலுவான எல் நினோ உருவானபோதும் இந்தியாவில் பருவமழை வழக்கம்போலவே பெய்தது. கடல் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் பழைய தொடர்புகள் அப்படியே நீடிக்குமா என்பது இன்றைய ஆய்வாளர்களின் கேள்வி.

தேடியது கிடைக்காவிட்டாலும் வாக்கர் தம் கணக்குகளை மறைக்கவில்லை. பொருந்தியதைப் போலவே பொருந்தாததையும் வெளியிட்டார். நேர்மையான அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் அடுத்த தலைமுறை அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்க முடிந்தது. ஆய்வுத் திட்டப்பணியில் எதிர்பார்த்த விடை வராமல் சோர்ந்துபோகும் மாணவர்கள் வாக்கரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் குறித்துவைத்த தோல்வியும் அறிவியலுக்கு ஒரு பங்களிப்புத்தான்.