நோயாளிகளை இரு கூட்டமாகப் பிரித்த ஹகீம்

மருந்து உண்டபின் ஒருவருக்குப் பிணி நீங்கினால், அதனை நீக்கியது அம்மருந்துதான் என்று நாம் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். மருந்து இல்லாமலே நீங்கியிருக்குமோ என்று ஐயுறுபவர் மிகச் சிலரே. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஐயுற்றவர் அபூபக்கர் முஹம்மது இப்னு ஜகரிய்யா அர்-ராஸி.

இன்றைய தெஹ்ரானை அடுத்துள்ள ரய் நகரில் ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) அவர் பிறந்தார். ராஸி என்பது அவ்வூரால் வந்த பெயர். ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தார். கிரேக்கப் பேரறிஞர் ஜாலினூஸின் கூற்றுக்களையே ஐயுற்று ஒரு நூல் இயற்றியவர். அவருடைய தத்துவக் கருத்துக்கள் சிலவற்றை உலமாப் பெருமக்கள் கடுமையாக மறுத்துள்ளனர். அது வேறு விவாதம். நாம் இங்கே காண்பது நோயாளியின் கட்டிலருகே நின்ற ராஸியை.

ஸிர்ஸாம் எனப்படும் மூளையுறை நோய் வருமுன் தலையும் கழுத்தும் பல நாள் வலிக்கும், கண்கள் வெளிச்சத்தை வெறுக்கும், உறக்கம் வாராது. அந்நிலையில் நரம்பைக் கீறி இரத்தம் வடித்தால் நோய் தடுக்கப்படுமா? உண்மையை அறிய ராஸி ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் வடித்தார். மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே விட்டுவைத்தார். விடப்பட்டோர் யாவரையும் ஸிர்ஸாம் பற்றியது. ஆகவே இரத்தம் வடிப்பதே நன்று எனத் தீர்மானித்தார்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். இரு கூட்டத்தாரும் ஒத்த நிலையினர்தாமா? முதியோர், சிறுவர், மெலிந்தோர் ஆகியோருக்கு இரத்தம் வடிக்கத் தயங்குவது அக்கால மருத்துவ மரபு. திடகாத்திரமானவர்கள் ஒருபுறமும் நலிந்தவர்கள் மறுபுறமும் சேர்ந்திருப்பின், உயிர் காத்தது கத்தியா, உடல் வலுவா? எவரை எக்கூட்டத்தில், எவ்வாறு சேர்த்தார் என்பதை அவர் குறித்து வைக்கவில்லை. இரத்தம் வடிப்பதால் அந்நோய் தீராது என்பதை இன்றைய மருத்துவம் நன்கறியும்.

இக்குறையை நீக்கும் வழி வெகு எளிது: மருத்துவரின் விருப்பத்திற்கு இடங்கொடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்துவிடுவது. ஆனால் 1948-ல் வெளியான பிரிட்டனின் காசநோய் ஆய்வில்தான் அம்முறை மருத்துவத்தில் உறுதியாகக் காலூன்றிற்று. 107 நோயாளிகளில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டுமே. யார் எப்பக்கம் என்பதை மூடிய உறைகளே தீர்மானித்தன.

ராஸி இறுதி நாட்களில் பார்வை இழந்தார், ஹிஜ்ரி 313-ல் (கி.பி. 925) காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைத் தொகுத்தே அல்-ஹாவி என்னும் பெருநூல் உருவாயிற்று. சிகிச்சையின்றி விடப்பட்ட அந்நோயாளிகளைப் பற்றிய சில வரிகளும் அதில் உள்ளன. அவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் இல்லை.