மஃரிபுக்குப் பின் மேற்கு வானம்: வானியல் அறிஞர் இப்னு யூனுஸ்

மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, சில மாதங்களில் மேற்கே ஒரு பெரிய ஒளிப்புள்ளி தெரியும். அது வெள்ளிக் கிரகம், அரபியில் ஸுஹ்ரா. அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் புதனைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை. எனவே சூரியன் மறைந்த கையோடு தொடுவானத்தின் அருகே சற்று நேரம் தென்பட்டு, அதுவும் இறங்கிவிடும்.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்து, எழுதியும் வைத்தவர் எகிப்தின் அபுல் ஹசன் அலீ இப்னு யூனுஸ். கி.பி. 1000, மே 19, ஞாயிறு. நண்பகலிலிருந்து சுமார் எட்டு மணி நேரம் கழிந்து, இஷாவை நெருங்கும் வேளை. மிதுன ராசியில் புதன் வடக்கே, வெள்ளி தெற்கே, இடைவெளி ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு என்று அவர் குறித்தார். முழுநிலவின் அகலம் கிட்டத்தட்ட அரைப் பாகை. அதைவிடவும் குறைந்த இடைவெளி அது! தொலைநோக்கி வர இன்னும் அறுநூறு ஆண்டுகள் இருந்தன. இன்றைய கணக்குகளைக் கொண்டு சரிபார்த்தாலும் அவர் எழுதியது பொருந்துகிறது.

ஃபுஸ்தாத் நகரின் ஆலிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கொள்ளுப்பாட்டனார் யூனுஸ், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நேரடி மாணவர். தந்தை அப்துர் ரஹ்மான் எகிப்தின் வரலாற்றை எழுதியவர், ஹதீஸ் அறிஞர். இப்னு யூனுஸின் இளவயதில், 969-ல் ஃபாத்திமிகள் எகிப்தைக் கைப்பற்றிக் கெய்ரோவை நிறுவினார்கள். பின்னர் கலீஃபாக்கள் அல்அஸீஸ், அல்ஹாகிம் ஆகியோரின் ஆட்சியில் 977 முதல் 1003 வரை அவர் வானத்தைக் கவனித்து வந்தார். பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்தார் என்று பலர் எழுதுவார்கள்; அவரே குறிப்பிடும் இடங்கள் எளியவை. ஒன்று கொள்ளுப்பாட்டனாரின் பழைய வீடு, மற்றொன்று கராஃபாவில் இருந்த ஒரு பள்ளிவாசல்.

ஆளைப் பார்த்தால் அறிஞர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெட்டையான உருவம், உயரமான கூம்புத் தொப்பி, அதன்மேல் தலைப்பாகை, அதற்கும் மேல் போர்வை. வாகனத்தில் ஏறிப் போனால் தெருவே சிரிக்குமாம். சோதிடத்திலும் ஈடுபட்டிருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை, நாம் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி அது அல்ல.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய நேர்மை. முன்னோர் தந்த அட்டவணையைக் கொண்டு ஒரு கிரகம் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்று கணக்கிடுவார். பிறகு கண்ணால் பார்ப்பார். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த வேறுபாட்டையும் அப்படியே எழுதிவிடுவார். இவ்வாறு பாக்தாத் அறிஞர்கள் கண்டதும் தாம் கண்டதுமாக, சுமார் நாற்பது கிரகச் சேர்க்கைகளும் முப்பது கிரகணங்களும் அவரது பெருநூலான ஸீஜுல் ஹாகிமியில் இடம்பெற்றன. கெய்ரோவில் தொழுகை வக்துகளைக் கணிக்க 19ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்த அட்டவணைகளுக்கும் அவரது உழைப்பே அடிப்படை.

ஹிஜ்ரி 399 ஷவ்வாலில் அவர் வஃபாத்தானார். அதன் பிறகு நடந்ததுதான் மனதை வருத்துகிறது. அவருடைய மகன் தந்தையின் நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் சோப்பு வியாபாரிகளின் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வீட்டில் பாட்டனார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்த குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அவரை மட்டும் குறை சொல்ல நா எழவில்லை.

81 அத்தியாயங்கள் கொண்ட ஸீஜில் பாதிக்குச் சற்று மேல்தான் இன்று மிஞ்சியிருக்கிறது. பிரதிகள் லைடன், ஆக்ஸ்ஃபோர்டு நூலகங்களில் உள்ளன. லைடன் பிரதியிலிருந்து அவதானிப்புகள் அடங்கிய பகுதியைக் கோஸ்ஸான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1804-ல் மொழிபெயர்த்து வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம், சந்திரனின் வேகம் நூற்றாண்டுகளினூடே எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட முயன்றபோது, பழைய கிரகணங்களுக்கு நம்பகமான சாட்சி தேவைப்பட்டது. அவர் எடுத்துப் பயன்படுத்தியவற்றில் இப்னு யூனுஸின் குறிப்புகளும் இருந்தன.