ஹாரி குரோ பக்

கல்வியும் செல்வமும் நிரம்பப் பெற்றவனாயினும், உடல்நலம் இல்லாதவன் அவற்றின் பயனை நுகர்தல் அரிது. அந்நலத்தை நல்குவது விளையாட்டு. ஆயினும், முறையறியாது ஆடும் ஆட்டம் நன்மைக்கு மாறாகத் தீமையே பயக்கும். இளமையில் முறிந்த எலும்பும் கிழிந்த தசைநாரும் வாழ்நாள் முழுதும் துன்பம் தருதல் உண்டு. முறையறிந்த ஆசிரியர் இருப்பின், இத்தகைய இன்னல்களுள் பலவற்றை வருமுன் காக்கலாம். அவ்வாசிரியர்களை நம் நாட்டில் உருவாக்கப் பாடுபட்டவர் ஹாரி குரோ பக் ஆவார்.

பக் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கூடைப்பந்தாட்டம் தோன்றிய ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் உடற்பயிற்சிக் கலையைக் கற்றுத் தேர்ந்தார். 1919-இல் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பணியாளராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அந்நாளில் நம் பள்ளிகளில் தேகப்பயிற்சி அளித்தவர் பலர், படையிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களே. வலியோனுக்கும் மெலியோனுக்கும் ஒரே கட்டளையே பிறந்தது. உடலின் அமைப்பை அறிந்து பயிற்சி தருவோர் அரியராயினர். இக்குறையை நீக்க விழைந்த பக், 1920-இல் ஐந்தே மாணவர்களைக் கொண்டு ஓர் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்ப் பெருங்கல்லூரியாக வளர்ந்தது. நங்கநல்லூரை அடுத்த பழவந்தாங்கலில் மின்சார இரயிலேறி, பரங்கிமலை, கிண்டி ஆகிய நிலையங்களைக் கடந்தால் சைதாப்பேட்டையை அடையலாம். அதன் அருகே நந்தனத்தில், அடையாற்றங்கரையில் அக்கல்லூரி இன்றும் விளங்குகின்றது.

அங்குப் பயின்றோர் ஓடவும் ஆடவும் கற்றதோடு, உடற்கூற்று நூல், உடலியல் நூல், முதலுதவி முதலியவற்றையும் கற்றனர். இவ்வறிவின் பயன் யாது? ஓடும்போதும் தாண்டும்போதும் நம் கால் மூட்டுகள் உடலின் எடையினும் பன்மடங்கு சுமையைத் தாங்குகின்றன. உயரத்திலிருந்து குதிப்பவன் முழங்காலை விறைப்பாக வைத்து ஊன்றினால், அதிர்ச்சி முழுதும் நொடிப்பொழுதில் எலும்பைத் தாக்கும். முழங்காலை மடக்கி இறங்கினால், அது சிறிது சிறிதாகத் தணியும். தாண்டுவோர்க்கு மணற்குழி அமைப்பதும் இதன் பொருட்டே. பந்தயத்துக்கு முன் மென்பயிற்சியால் உடலைச் சூடேற்றிக் கொண்டால், தசைகள் கடுமுயற்சிக்கு ஆயத்தமாகும். இன்று உயிர்விசையியல் என்னும் தனித்துறை இவ்வுண்மைகளை அளந்து ஆராய்கின்றது. அவற்றை விளையாட்டுத் திடலுக்குக் கொண்டு சேர்ப்பவர் ஆசிரியரே.

1924-இல் பாரிசு நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய வீரர்களைப் பயிற்றி அழைத்துச் சென்றவர் பக். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றுவதற்கும் அவர் துணை நின்றார். எனினும், வெற்றிப் பதக்கங்களினும் சிற்றூர்ப் பள்ளிச் சிறுவரின் உடல்நலமே அவர் பணியின் பெரும்பயனாக அமைந்தது. அவரிடம் பயின்றோர் நாட்டின் பல பகுதிகளிலும் ஆசிரியராயினர். ஒவ்வோர் ஆசிரியரும் பல நூறு சிறுவர்க்குக் காவலராயினர்.

இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டுக்கு உழைத்த பக், 1943-இல் தமது ஐம்பத்தெட்டாம் வயதில் சென்னையிலேயே இயற்கை எய்தினார்.

மாணவர்களே! விளையாடுமுன் உடலைப் பதப்படுத்துங்கள்; வலி தோன்றின் மறையாது ஆசிரியரிடம் கூறுங்கள்; உங்கள் உடலின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள். பிறந்த நாட்டை விட்டு வந்து நமக்காக உழைத்த அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றி இதுவேயாகும்.