ஆனந்தரங்கரின் வீடும் நகரும்

புதுச்சேரிப் பெரிய கடைக்கு அருகில், ஆனந்தரங்கரின் பெயராலேயே வழங்கும் ரங்கப்பிள்ளை வீதியில், பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இன்றும் நிற்கிறது. அவருடைய நாட்குறிப்பைப் பயில்வோர் பெரும்பாலும் போரையும் அரசியலையுமே தேடிச் செல்வர். அவர் வாழ்ந்த வீடும் பயிலத்தக்கதே.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, உறவினர் நைனியப்ப பிள்ளையைப் பின்பற்றிப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். வணிகத்தில் வளர்ந்த மகன் 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின், ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியானார்.

அவர் அறிந்த நகரின் நேர்வீதி அமைப்பு, 1693 முதல் 1699 வரை அதனைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர் வகுத்தது. கிழக்கு மேற்காக ஓடும் வீதிகள் கடலை நோக்கித் திறந்திருந்தன. நிலம் சூடேறிய நண்பகலுக்குப்பின் எழும் கடற்காற்று அவ்வழியே நகருக்குள் புகும். தமிழர் வீதிகளில் திண்ணையும் அதன் முன் தாழ்வாரமும் வீடுதோறும் தொடர்ந்தன. அவற்றின் கூரை சுவர்மீது வெயில் படாமல் காத்தது. வழிப்போக்கருக்கும் நிழல் தந்தது. பிரெஞ்சுக்காரர் பகுதியிலோ உயர்ந்த மதில்களுக்குள் மரங்கள் வளர்ந்தன. இலைகள் வெளியிடும் நீராவி சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கும். ஒரே நகரின் இரு பகுதிகளிலும் வெம்மையைத் தணித்த வழிகள் வேறுவேறாயின. இன்றைய புவியியல் இதனை நுண்காலநிலை என்னும்.

ஆனந்தரங்கரின் மாளிகையில் இவ்விரு மரபுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. கீழ்த்தளம் மரத்தூண்கள் சூழ்ந்த முற்றத்துடன் தமிழ் முறையில் எழுந்தது. மேல்தளம் பிரெஞ்சுப் பாணித் தூண்களைக் கொண்டது. முற்றத்தில் சூடான காற்று மேலெழ, வாயில்வழிப் புதுக்காற்று உள்ளே வரும். இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் தங்கும். தடித்த சுண்ணாம்புச் சுவர் பகல் வெம்மையை மெல்லவே உள்ளே விடும். துபாசியின் செல்வத்தைக் காட்டும் வீடுதான். எனினும் அதைக் கட்டிய கொத்தரின் அறிவு செல்வத்தால் வந்ததன்று.

நகரைச் சுற்றி முட்செடிகளும் பனையும் தென்னையும் செறிந்த வேலி ஒன்று அரணாக இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது நகர் தப்பியது. துய்ப்ளே 1754இல் பிரான்சுக்குத் திரும்பினார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் குன்றியது, உடல்நலமும் கெட்டது. 1760இல் ஆங்கிலேயர் மீண்டும் வளைத்தனர். வேலியரண் அவர்கள் வசமாயிற்று. நகருக்குள் பசி பரவியது. 1761 சனவரி முதல் நாள் வீசிய பெரும்புயல் முற்றுகைக் கப்பல்களைச் சிதறடித்தும் நகர் மீளவில்லை. அத்திங்களிலேயே, முற்றுகையின் இறுதி நாள்களில், ஆனந்தரங்கர் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். சனவரி 16இல் புதுச்சேரி சரணடைந்தது.

வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தகர்த்தனர். தலைமுறைகள் சேர்த்துவைத்த நிழல் சில திங்களில் அழிந்தது. ஆனந்தரங்கரின் வீடு எஞ்சியது. 1765இல் நகரை மீளப்பெற்ற பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன், பழைய வீதிக்கோடுகளின்மீதே அதனை மீண்டும் எழுப்பினார்.