புத்தகம் கட்டியவர் கண்ட புலம்

புத்தகம் கட்டுபவன் அப்புத்தகத்தைப் படித்தே ஆகவேண்டும் என்பதில்லை. தாளை மடித்து, நூல்கொண்டு தைத்து, தோலுறை இட்டுக் கொடுத்தாற் போதும், கூலி கிடைத்துவிடும். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரின் பிளான்ட்போர்ட் வீதியிலிருந்த கடையொன்றில் இத்தொழில் பழகிய இளைஞர் ஒருவர், தம் கைக்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அமையாது கற்கவும் செய்தார். அவர் கற்றதன் பயனை இன்று உலகம் முழுவதும் நுகர்கின்றது. அவரே மைக்கேல் பரடே.

1791 ஆம் ஆண்டு செப்தெம்பர் 22 ஆம் நாள், இலண்டனுக்குத் தெற்கேயிருந்த நியூவிங்டனில் பரடே பிறந்தார். தந்தையார் கொல்லர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். சிறுவனுக்கு ஒரு பாணைக் கொடுத்து, அதனையே ஒரு கிழமைக்கு வைத்துண்ணுமாறு அன்னை கூறும்படியான வறுமையும் அவ்வீட்டில் நிலவியதுண்டு. எழுத்து, வாசிப்பு, சிறிது எண்கணிதம் என்ற அளவிலே பள்ளிப்படிப்பு முடிந்தது. 1804 இல் றீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் வேலைக்குச் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டு புத்தகம் கட்டும் தொழிலிலே ஏழாண்டுப் பயிற்சிக்கு அமர்ந்தார். பிரித்தானிக்காக் கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், யேன் மார்செற் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் அங்கேதான் அவருக்கு ஆசிரியர்களாயின.

1812 இல், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் தயவால், சேர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு கிட்டியது. கேட்டவற்றை எல்லாம் எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். அதன் பயனாக 1813 மார்ச்சு மாதத்தில் றோயல் நிலையத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஆனார். வாரத்துக்கு 25 சிலிங் ஊதியம், அக்கட்டடத்திலேயே உறைவிடம். அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டபோது, டேவியின் துணைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அவமதிப்பைப் பொறுத்துக்கொண்ட இளைஞர், அம்பியர், வோல்ற்றா முதலிய பேரறிஞரைக் காணும் வாய்ப்பை நழுவவிட்டாரல்லர்.

1820 இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட், கம்பியிலே மின்னோட்டம் பாயும்போது அருகேயுள்ள காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே பரடே, மின்னோட்டத்தாற் கம்பியொன்று காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலும்படி செய்துகாட்டினார். மின்விசிறி முதலாக இன்று சுழலும் மின்பொறிகளுக்கெல்லாம் முன்னோடி அதுவே. ஆனால் புகழோடு பழியும் வந்தது. வொலஸ்டன் என்னும் மூத்த அறிஞரின் எண்ணத்தைக் கவர்ந்துகொண்டார் என்று சிலர் தூற்றினர். 1824 இல் றோயல் சங்கத்துக்குப் பரடே தெரிவுசெய்யப்பட்ட வேளையில், அதனை எதிர்த்தவர் அவரை வளர்த்த டேவியே. மாணவரின் வளர்ச்சியை ஆசிரியர் பொறாதுபோன அவலம் அது. எனினும் டேவிக்குத் தாம் பட்ட நன்றிக்கடனைப் பரடே மறக்கவில்லை.

மின்சாரம் காந்தத்தைத் தோற்றுவிக்குமாயின், காந்தம் மின்சாரத்தைத் தோற்றுவியாதோ? இவ்வினா அக்கால அறிஞர் பலரை வாட்டியது. செனீவாவில் கொலடன் என்பவர், காந்தத்தின் தாக்கம் நேரே படாதிருக்கும்பொருட்டு மின்னோட்டமானியை வேறோர் அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் சுருளுள் நுழைத்துவிட்டு அவர் நடந்துசென்று பார்க்கும்போதெல்லாம் ஊசி அசைவற்றிருந்தது. பரடேயும் பலமுறை முயன்று தோற்றார். 1831 ஓகஸ்ட் 29 ஆம் நாள், ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையமொன்றின் இரு பக்கத்திலும் கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலவடுக்கோடு இணைத்தார். மற்றைச் சுருளின் அருகேயிருந்த ஊசி சற்றே ஆடி, மீண்டும் அமைந்தது. இணைப்பை நீக்கியபோது மறுதிசையில் ஆடியது. மின்னோட்டம் நிலையாய்ப் பாய்ந்த நேரத்திலோ அசைவே இல்லை.

எல்லாரும் நிலையான விளைவொன்றை எதிர்பார்த்திருந்தனர். இயற்கையோ மாற்றத்துக்கே மறுமொழி தந்தது. ஒக்டோபர் 17 இல் பரடே காந்தக் கோலொன்றைச் சுருளினுள் விரைந்து செலுத்தினார்; ஊசி ஆடியது. ஒக்டோபர் 28 இல் பெரிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றி, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். அமெரிக்காவில் யோசப் ஹென்றியும் மின்தூண்டலைத் தனித்துக் கண்டாராயினும், முதலில் வெளியிட்டவர் பரடேயே. நீர்வீழ்ச்சியாலோ நீராவியாலோ இயங்கும் மின்பிறப்பாக்கியும், வீதியோரத்து மின்மாற்றியும் அவ்வுண்மையின்மீதே நிற்கின்றன.

காந்தத்தின் மேலே தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால், தூள் வளைகோடுகளாய் அணிவகுப்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். பிறர் அதனை வேடிக்கையாகக் கண்டனர்; பரடேயோ, வெறுவெளி எனப்படுவது வெறுமையன்று, விசைக்கோடுகளால் நிறைந்தது எனக் கொண்டார். உயர்கணிதம் அறியாதவரின் கற்பனை என்று பலர் அதனைப் புறக்கணித்தனர். 1845 இல் காந்தம் ஒளியின் முனைவுத் தளத்தைத் திருப்பும் என அவர் நிறுவினார். மக்ஸ்வெல் என்னும் கணித மேதை அவர் கருத்தைச் சமன்பாடுகளாக்கி, ஒளியும் மின்காந்த அலையே என 1860களில் உணர்த்தினார். 1880களின் இறுதியில் ஹேர்ட்ஸ் அத்தகைய அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார்.

வானொலியும் கைத்தொலைபேசியும் அவ்வழி வந்தவை. ஆயினும் மின்காந்தம் மனிதர் ஆக்கியதொன்றன்று. அணுவுள் இலத்திரனைக் கருவோடு பிணைப்பதும், அணுக்களைச் சேர்த்துக் கல்லுக்கும் உடலுக்கும் உருவளிப்பதும் அதுவே. நரம்புவழிச் செய்தியும், முகிலிடை மின்னலும், ஞாயிற்றின் ஒளியும் அதன் கோலங்கள். பூமியின் உட்பகுதியில் உருகிய இரும்பு இயங்குவதால் எழும் காந்தப்புலமும், பரடே தம் சுருளிற் கண்ட தூண்டலின் விதிக்கே அடங்குவது.

இத்துணை பெரியவர் தமக்கெனப் பெருமை தேடவில்லை. றோயல் சங்கத்தின் தலைமைப் பதவியை மறுத்தார். சேர் பட்டத்தையும் ஏற்கவில்லை. சிறுவர்க்கான கிறிஸ்மஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை மகிழ்வோடு நிகழ்த்தினார். நினைவாற்றல் தேய்ந்து வருந்திய முதுமையின்பின், 1867 ஓகஸ்ட் 25 இல் மறைந்தார். ஹைகேற் கல்லறையில் அவர் பெயரும் பிறந்த, இறந்த நாள்களும் பொறித்த எளிய கல் நிற்கின்றது. ஆய்வுக்குறிப்புகளையோ அவர் இலக்கமிட்டுப் பதினாறாயிரம் பந்திகளுக்கு மேல் எழுதியிருந்தார். தோற்ற முயற்சிகளும் விடப்படாத அந்த ஏடுகளைத் தொகுத்துக் கட்டியவை, இளமையில் அத்தொழில் பழகிய கைகளே.